சியாட்டில் நகரின் 90.3: கே.இ.எக்ஸ்.பி. வானொலிக்கு ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில் நகரிலிருந்து 90.3 பண்பலையில் ஒலிபரப்பாகும் கே.இ.எக்ஸ்.பி. வானொலியை இணையத்தின் வழியே எந்த ஊரிலிருந்தும் இலவசமாகக் கேட்கலாம். சந்தா கிடையாது. வணிக விளம்பரங்களும் கிடையாது. ஆதரவளிக்கும் நிறுவனங்களின் பெயர்களை இடையிடையே சுருக்கமாக வாசிப்பதோடு சரி. புதிய ராக் குழுக்களைத் தேடிக்கொண்டே இருக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இன்றைக்கு இதைவிட நல்ல இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம்மவர்களில் இந்த நிலையத்தின் பெயரை அறிந்தவர்கள் பெரும்பாலும் அதன் யூடியூப் காணொளிகளின் வழியாகவே அறிந்திருப்பார்கள். அவை அருமையானவைதான், அவற்றைப் பற்றியும் பிறகு சொல்கிறேன். ஆனால் காணொளிகளோடு நின்றுவிடுபவர்கள் நிலையத்தின் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள் என்பதால், இந்த மதிப்புரையில் வானொலிக்கே முதலிடம் தருகிறேன்.

இசைச் செயலிகள் நாம் இதுவரை கேட்டவற்றைக் கணக்கெடுத்து, அவற்றை ஒத்தவற்றையே மீண்டும் மீண்டும் எடுத்து நீட்டுகின்றன. பிளாக் சபாத்தைக் கேட்டவருக்கு பிளாக் சபாத்தைப் போலவே ஒலிக்கும் பத்துக் குழுக்கள் வரிசையாக வரும். பதினோராவதாக மறுபடியும் பிளாக் சபாத்தே வந்து நிற்கும். கே.இ.எக்ஸ்.பி.யில் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு தொகுப்பாளர் பாடல் பாடலாகத் தாமே தேர்ந்தெடுத்து நடத்துகிறார். புதிதாக வந்த ஆல்பங்களில் எவற்றை அதிகம் ஒலிக்கவிடலாம் என்று நிலையத்தின் இசைப் பிரிவு பரிந்துரை தருமே தவிர, எந்தப் பாடலுக்குப் பிறகு எந்தப் பாடல் என்பது தொகுப்பாளரின் பொறுப்பு. இந்த நிலையத்தின் மதிப்பு முழுவதும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. முன்பின் அறியாத ஒரு குழுவின் பாடலைத் தனியாக எடுத்துக் காதில் போட்டால் அது பாதியில் கைவிடப்பட வாய்ப்பு அதிகம். அதே பாடலை, நாம் நன்கறிந்த ஒரு பழைய பாடலுக்கும் அதன் சாயலைப் பகிரும் மற்றொரு பாடலுக்கும் நடுவில் வைத்தால், அது எங்கிருந்து வருகிறது, எதனோடு பேசுகிறது என்று காதுக்கே விளங்கிவிடுகிறது.

எம்டூ மொக்தாரை எனக்குப் பிடிக்கச் செய்தது அப்படிப்பட்ட ஓர் அடுக்குதான். நைஜர் நாட்டின் துவாரெக் இனத்தைச் சேர்ந்த கிதார் கலைஞர் அவர். இடக்கைப் பழக்கமுள்ளவர். சைக்கிளின் பிரேக் கம்பிகளைத் தந்திகளாகக் கட்டித் தம் முதல் கிதாரைத் தாமே செய்துகொண்டவர் என்பதும், அவருடைய தொடக்ககாலப் பாடல்கள் சகாரா வட்டாரத்தில் கைப்பேசிகளின் நினைவட்டைகள் வழியாகக் கைமாறிப் பரவியவை என்பதும் பல இடங்களில் எழுதப்பட்ட செய்திகள். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு அவருடைய பாடலைக் கேட்டபோது, பாலைவனத்து இசை என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டு நகர்ந்தேன். பின்னர் இந்த வானொலியில் அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பாடல் ஒலித்து முடிந்த கையோடு, நடுவில் ஒரு சொல்லும் இல்லாமல், 2021இல் வெளிவந்த 'ஆஃப்ரிக் விக்டிம்' ஆல்பத்தின் பாடல் ஒன்று வந்தது. ஹெண்ட்ரிக்ஸின் கடைசிச் சுரம் தேய்ந்து மறையும் இடத்தில் மொக்தாரின் கிதார் ஏறியது. பிக் எனும் மீட்டுவில்லை இல்லாமல் விரல்களாலேயே தட்டியும் இழுத்தும் எழுப்பும் அந்த ஓசையில், ஓர் எலக்ட்ரிக் கிதாரை எவ்வளவு தூரம் வளைக்க முடியும் என்று சோதிக்கும் அதே ஆவல் கேட்டது. டிரம்ஸ் மட்டும் வேறு கணக்கில், ஆறின் அடுக்குகளில், குதிரை ஓட்டத்தில் போனது. அந்த நொடியில் பாலைவனம் என்ற பெட்டி உடைந்து, ஒரு ராக் கிதார் கலைஞர் என்ற முறையில் அவர் என் முன் நின்றார். தொகுப்பாளர் ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. இரண்டு பாடல்களை அருகருகே வைத்தார், அவ்வளவுதான்.

இந்த அடுக்கும் கலையை அவர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோவார்கள் என்பதற்கு 2015 ஜூலை 24ஆம் நாள் நடந்தது நல்ல சான்று. ஹிப்ஹாப் குழுவான பீஸ்டி பாய்ஸின் 'பால்ஸ் பூட்டிக்' 1989இல் வெளிவந்த ஆல்பம். பிறருடைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட துணுக்குகளைக் கோத்து உருவாக்கப்பட்டது. கே.இ.எக்ஸ்.பி. அன்று பன்னிரண்டு மணி நேரத்தை ஒதுக்கி, ஆல்பத்தின் ஒவ்வொரு பாடலையும் ஒலிக்கவிட்டு, அந்தப் பாடலுக்குள் ஒளிந்திருக்கும் மூலப் பாடல்கள் அனைத்தையும் கூடவே ஒலிக்கவிட்டது. ஐம்பத்துமூன்று நிமிட ஆல்பம் ஒரு பகல் முழுவதும் விரிந்தது. பீட்டில்ஸ், கர்டிஸ் மேஃபீல்டு, லெட் செப்பலின் என்று அறிந்த பெயர்களுக்கு நடுவே யாரும் நினைவில் வைத்திராத ஃபங்க் குழுக்கள் எத்தனையோ வந்து போயின. ஹிப்ஹாப்பைப் பிறர் உழைப்பின் திருட்டு என்று ஒதுக்கும் ராக் ரசிகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களோடு வாதிட்டுச் சலித்தவர்கள் அந்த ஒரு நாள் ஒலிபரப்பை எடுத்துக்காட்டலாம். வணிக வானொலி எதுவும் இப்படி ஒரு காரியத்துக்கு வேலை நாளொன்றை விட்டுக்கொடுக்காது.

இந்த நிலையம் எப்படி இப்படி ஆனது என்பதற்கு அதன் பிறப்பிலேயே விடை இருக்கிறது. 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், வெறும் பத்து வாட் திறனுள்ள ஒலிபரப்பியோடு, கே.சி.எம்.யூ. என்ற பெயரில் இதைத் தொடங்கினார்கள். எண்பதுகளில் சியாட்டில் ராக் உலகத்தின் சந்திப்புக்கூடமாக அது மாறியது. பின்னாளில் சப் பாப் என்ற இசைப் பதிப்பகத்தை நடத்திய புரூஸ் பேவிட், ஜோனதன் போன்மன் இருவரும் இங்கே தொகுப்பாளர்களாக இருந்தவர்கள். சவுண்ட்கார்டன் குழுவின் கிதார் கலைஞர் கிம் தாயிலும் அப்படியே. இந்த கிம் தாயிலின் பெற்றோர் கேரளத்திலிருந்து போனவர்கள்; கிரஞ்ச் என்று உலகம் பெயரிட்ட இசையின் மிகக் கனமான கிதார் ஓசை ஒரு மலையாளிக் குடும்பத்துப் பிள்ளையுடையது என்பதை நம் பக்கத்து ராக் ரசிகர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம். பேவிட்டையும் போன்மனையும் ஒன்றுசேர்த்துவிட்டவரும் அவர்தான்.

நிர்வாணா குழுவின் முதல் சிங்கிளை, அதாவது தனிப்பாடல் இசைத்தட்டை, 1988 நவம்பரில் சப் பாப் வெளியிட்டது. எண்ணிட்ட ஆயிரம் படிகள். குழுவின் பாடகர் கர்ட் கோபேன் அதை கே.சி.எம்.யூ.வில் நேரில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் காரின் வானொலியைத் திருகிக் காத்திருந்தார் என்றும், பாடல் வரவே இல்லை என்பதால் ஒரு பெட்ரோல் நிலையத்துத் தொலைபேசியிலிருந்து அழைத்துத் தம் பாடலையே நேயர் விருப்பமாகக் கேட்டார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. சிறிது நேரத்தில் பாடலைப் போட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு குழுவின் இசைத்தட்டைக் கையில் வாங்கி, அன்றே ஒலிக்கவிடும் உரிமை மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இருந்தது என்பதுதான் இதில் நான் கவனிக்கும் செய்தி. அந்த உரிமை இன்றும் அங்கே பறிபோகவில்லை.

2001இல் மைக்ரோசாஃப்ட் இணை நிறுவனர் பால் ஆலனின் ஆதரவோடு நிலையம் இடம்பெயர்ந்து இன்றைய பெயரைப் பெற்றது. இணையத்தின் ஆற்றலை மிக முன்கூட்டியே உணர்ந்த வானொலிகளில் இதுவும் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிக் கம்பி வழி இணையமே இருந்த காலத்தில், நொடிக்கு 1.4 மெகாபிட் வேகத்தில், சுருக்கப்படாத குறுந்தட்டுத் தரத்தில் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டார்கள். அன்று அதைக் கேட்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வரும். 2016இல் ஸ்பேஸ் நீடில் (விண்ணூசி) என்ற புகழ்பெற்ற கோபுரத்தின் அருகில், சியாட்டில் சென்டர் வளாகத்தில், பொதுமக்கள் வந்து உட்காரும் கூடத்தோடும், கண்ணாடிக்கு அப்பாலிருந்து கலைஞர்களைப் பார்க்கும் அரங்கோடும் புதிய இல்லம் அமைந்தது.

நாள்தோறும் நடக்கும் நிகழ்ச்சிகளில் காலை நிகழ்ச்சியே நிலையத்தின் முகம். அதை நெடுங்காலமாக நடத்திவரும் ஜான் ரிச்சர்ட்ஸ் பேச்சில் எளிமையும் பிடித்ததில் பிடிவாதமும் உள்ளவர். டென்வர் நகரத்துக் குழுவான த லூமினியர்ஸ் பெரிய அளவில் அறியப்படாதிருந்த 2011 டிசம்பரில், அவர்களுடைய 'ஹோ ஹே' பாடலை அந்த ஆண்டின் மிகச் சிறந்த பாடல் என்று அறிவித்து, ஒரு வாரம் முழுவதும் நாள்தோறும் அடுத்தடுத்து இரண்டு முறை இந்த நிலையத்தில் ஒலிக்கவிட்டார்கள். மறு ஆண்டின் இறுதியில் அந்தப் பாடல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் மூன்றாமிடத்தைத் தொட்டது. எனக்கு அந்தப் பாடல் அவ்வளவாகப் பிடிக்காது. கைதட்டலும் கூச்சலுமாக அதைப் போலவே பிறகு வந்த நூறு பாடல்களின் பாவமும் அதன் தலையில்தான் விழும் என்பேன். ஆனால் ஒரு மனிதர் தம் விருப்பத்தை இவ்வளவு வெளிப்படையாகப் பந்தயம் வைப்பதைப் பார்க்கும்போது, அவர் தேர்வோடு மாறுபடுவதுகூடச் சுவையாக இருக்கிறது. இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜாவின் அறிவிப்புக்காகவே பாடலைக் கேட்டவர்களுக்கு இந்த உறவு புதிதல்ல.

பன்னாட்டு கிளாஷ் தினம் பிறந்ததும் ரிச்சர்ட்ஸின் பிடிவாதத்தால்தான். 2013 பிப்ரவரி 7ஆம் நாள் காலையில் பிரிட்டிஷ் பங்க் குழுவான த கிளாஷின் பாடல் ஒன்றைப் போட்டவர், நிறுத்த மனம் வராமல் அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே போய், இன்று பன்னாட்டு கிளாஷ் தினம் என்று அறிவித்துவிட்டார். அப்படி ஒரு நாள் அதுவரை எந்த நாட்காட்டியிலும் இல்லை. இப்போது ஆண்டுதோறும் வேறு பல வானொலிகளும் அதில் கலந்துகொள்கின்றன. கிளாஷ் இதற்குப் பொருத்தமான குழு. ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' பாடலைத் தம் முதல் ஆல்பத்திலேயே, 1977இல், பங்க் வேகத்தில் வாசித்தவர்கள். ஆகவே அவர்களிடமிருந்து ரெகேவுக்கும், டப்புக்கும், பழைய ராக் அண்ட் ரோலுக்கும் பாதைகள் பிரிகின்றன. அந்தப் பாதைகளில் ஒன்று நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. அவர்களுடைய 1982ஆம் ஆண்டுப் பாடலான 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' புலம்பெயர்ந்தோரின் துயரைப் பாடுவது. அதன் கிதார் துணுக்கை எடுத்துத்தான் ஈழத்தமிழரான மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 2007இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலைக் கட்டினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். லண்டனுக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் பாடியதற்கு, வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, சற்றே கேலியோடு, அதே சுரங்களில் விடை சொல்வதாக எனக்குக் கேட்கும்.

காலை நிகழ்ச்சியில் இன்னொரு பழக்கமும் உண்டு. நேயர்கள் தங்கள் இழப்புகளையும் நோய்களையும் எழுதி அனுப்புகிறார்கள். ரிச்சர்ட்ஸ் அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவர்கள் கேட்ட பாடலைப் போடுகிறார். நீங்கள் தனியாக இல்லை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகம். சில நாட்களில் இது எனக்குச் சற்று அதிகமாகவே படுகிறது. பாடலைக் கேட்பதற்கு முன்பே என்ன உணர வேண்டும் என்று சொல்லிவிடும்போது, பாடலின் வேலை பாதியாகிவிடுகிறது. மறைந்த தாயாரை நினைத்து அவர் நடத்தும் நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் இதை மறுப்பார்கள். அவர்களோடு நான் சண்டைக்கு நிற்கமாட்டேன்.

இனிக் காணொளிகளுக்கு வருவோம். வண்ண விளக்குச் சரங்கள் தொங்கும் ஓர் அறை, நான்கு பாடல்கள், நடுவில் ஒரு சிறு உரையாடல் என்பதே பெரும்பாலான அமர்வுகளின் வடிவம். மதிய நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஷெரில் வாட்டர்ஸ் பலவற்றை நடத்தியிருக்கிறார். காட்சியில் புதுமை எதுவும் இல்லை, அதுவே அதன் நன்மை. பாடகரின் முகத்தையே கட்டிக்கொண்டு அழாமல், யார் அந்த நேரத்தில் இசையை நகர்த்துகிறாரோ அவருடைய கைக்குக் கேமரா போகிறது. பேஸ் கிதாரின் கழுத்தில் இடக்கை எங்கே நிற்கிறது, டிரம்ஸ் கலைஞர் எந்தத் தட்டில் விளிம்பைத் தொடுகிறார் என்பதை வாசிக்கப் பழகுபவர்கள் நின்று பார்த்துக் கற்கலாம். ஒலிப்பதிவு அதைவிடச் சிறப்பு. ஒவ்வொரு கருவியும் தனித்தனியே கேட்கும். ஆனால் ஓர் அறைக்குள் சேர்ந்து வாசிப்பவர்களின் நெருக்கமும் குறையாது. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனைச் சேர்ந்த க்ருவாங்பின் குழுவின் அமர்வை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். மூன்றே பேர். அறுபது, எழுபதுகளின் தாய்லாந்து இசையில் தோய்ந்த கிதார், அவசரப்படாத பேஸ், மணிக்கூண்டு தவறாத டிரம்ஸ். சுரங்களுக்கு நடுவே அவர்கள் விடும் வெற்றிடம்தான் அந்த இசையின் பாதி என்பதை ஆல்பத்தில் கேட்டதைவிட இந்தப் பதிவில் தெளிவாக உணர்ந்தேன்.

ஐஸ்லாந்துக் குழுவான ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென் உலகத்துக்குத் தெரியவந்ததில் இந்த நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2010இல் ரெய்க்கியாவிக் நகரின் ஏர்வேவ்ஸ் இசை விழாவுக்குப் போனபோது, ஒரு வீட்டின் வரவேற்பறையில் அவர்களை உட்காரவைத்து 'லிட்டில் டாக்ஸ்' பாடலைப் பதிவுசெய்தார்கள். அவர்களுடைய முதல் ஆல்பமே அப்போது வந்திருக்கவில்லை. கண்டுபிடிப்பு என்ற சொல்லை இசை எழுத்தில் கண்டபடி பயன்படுத்துகிறோம். அந்தக் காணொளிக்கு அது பொருந்தும்.

நான் அடிக்கடி திரும்பிப் போவது கிக்காகாக்கு மோயோ என்ற ஜப்பானியக் குழுவின் அமர்வுக்கு. 2012இல் டோக்கியோவில் தெருவோரம் வாசித்துத் தொடங்கியவர்கள். 2022இல் ஒரு நிறைவான ஆல்பத்தோடும் சுற்றுப்பயணத்தோடும் தாங்களாகவே விடைபெற்றார்கள். அவர்களில் ரியூ குரோசாவா சிதார் வாசிப்பவர், கொல்கத்தாவில் முறையாகப் பயின்றவர். ராக் இசையில் சிதார் என்றதும் எனக்கு வழக்கமாக ஓர் ஐயம் வரும். அறுபதுகளிலிருந்து அதை ஊதுபத்தி மணத்துக்காகவே பலர் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இங்கே சிதாரை எலக்ட்ரிக் கிதாருக்கு எதிரே உட்காரவைத்து, இரண்டும் ஒரே சுரக்கோவையைத் தொடர்ந்து வாசிக்க, ஃபஸ் மிதிகட்டையை அழுத்தியதும் கிதார் கரகரத்துப் பெருக, சிதாரின் பரிவுத் தந்திகள் அந்த இரைச்சலின் விளிம்பில் மினுங்குவதைக் கேட்கலாம். கேமராவும் அந்த நேரத்தில் ரியூவின் வலக்கை மிஸ்ராபின் (சிதாரை மீட்ட விரலில் அணியும் கம்பி வளையத்தின்) மேல் நிற்கிறது. இந்துஸ்தானி இசையைக் கற்ற நண்பர் ஒருவருக்கு இதைக் காட்டினேன். மீண்ட், அதாவது தந்தியை இழுத்துச் சுரம்விட்டுச் சுரம் வழுக்குவது, ஒழுங்காக விழுகிறது என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, பகல் நேரத்து நிகழ்ச்சிகளின் மென்மை. பலவகை இசை என்று பெயர் இருந்தாலும், பகலில் பெரும்பாலும் இண்டி ராக், கனவுமயமான கிதார் பாப், கொஞ்சம் சோல், கொஞ்சம் எலக்ட்ரானிக் என்ற எல்லைக்குள்ளேயே அடுக்குகள் சுழல்கின்றன. மெட்டல் இசை வாரக் கடைசியின் பின்னிரவுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. சவுண்ட்கார்டனின் ஊரில் இது சற்று முரணாகத்தான் படுகிறது. ஒரு டூம் மெட்டல் பாடலை, அதன் மூத்த உறவான ப்ளூஸோடு சேர்த்துப் பகலில் போட்டால் யாரும் ஓடிவிடமாட்டார்கள். அடுக்கத் தெரிந்த தொகுப்பாளர்கள் இருக்கும் இடத்தில் அதைச் செய்யாததுதான் வருத்தம். உலக இசைக்கும் இலத்தீன் இசைக்கும் அப்படியே தனித்தனி நிகழ்ச்சிகள். தரமானவை, ஆனால் தனி அறைகள். மொக்தாரை ஹெண்ட்ரிக்ஸின் அருகில் வைத்த துணிச்சல் எல்லா நாளும் எல்லாரிடமும் வருவதில்லை.

இரண்டாவது, புதிய பாடல்களைப் பழக்கப்படுத்தும் முயற்சியில் சில சிங்கிள்கள் மூன்று நான்கு வாரங்களுக்குத் தலைவலியாகிவிடும். ஆல்பத்தில் ஒன்பது பாடல்கள் இருக்க, அந்த ஒன்றே காலையிலும் மாலையிலும் வரும். மூன்றாவது, பழைய ஒலிபரப்புகளைத் திரும்பக் கேட்க இரண்டு வாரங்கள் வரைதான் வழி உண்டு. உரிமம் தொடர்பான சட்டங்களே இதற்குக் காரணம், நிலையத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. என்றாலும், நல்ல அடுக்கு ஒன்று கண்முன்னே காலாவதியாவது வலிக்கத்தான் செய்கிறது. பாடல் பட்டியல் மட்டும் இணையதளத்தில் நிலைத்திருக்கும். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட்டியல் புதுப்பிக்கப்படுகிறது. சில தொகுப்பாளர்கள் பாடலோடு இரண்டு மூன்று வரிக் குறிப்பும் எழுதுகிறார்கள். எந்த ஊர்க் குழு, எந்த ஆல்பம், முன்பு யார் யாரோடு வாசித்தவர்கள் என்பதெல்லாம் அதில் வரும். நான்கு பாடல்களை ஒன்றாக ஓட்டிவிட்டுப் பெயர்களைக் கடைசியில் மொத்தமாகச் சொல்வது இவர்கள் வழக்கம் என்பதால், பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பதே நல்லது.

நேர்காணல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் நட்பான கேள்விகள், நட்பான விடைகள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. நேயர்களின் நன்கொடைதான் முதன்மை வருவாய். ஆண்டில் சில முறை நிதி திரட்டும் நாட்கள் வரும். அப்போது பாடல்களுக்கு நடுவில் வேண்டுகோள்கள் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும். 2018இல் நேயர் ஒருவர் உயில் வழியாக ஏறத்தாழ ஒரு கோடி டாலரை விட்டுச்சென்றார். முழுப் பெயரைக்கூட வெளியிட விரும்பாதவர். இப்படிப்பட்ட நேயர்களை எந்தச் செயலியின் கணக்கீடும் உருவாக்கிவிடாது. 2023இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 92.7 அலைவரிசையை ஏலத்தில் 37.5 இலட்சம் டாலருக்கு வாங்கி, 2024 மார்ச் முதல் அங்கும் ஒலிபரப்புகிறார்கள். நிலையம் பெருத்து வருவதால் பழைய துடுக்குத்தனம் குறையுமோ என்ற அச்சம் நெடுநாள் நேயர்களிடம் உண்டு. பகல் நேரத்து மென்மையைப் பற்றி மேலே நான் சொன்னதும் அந்த அச்சத்தின் ஒரு பகுதிதான்.

நம் நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கேட்பவர்களுக்கு நேர வேறுபாடு வியப்பூட்டும் வகையில் சாதகமானது. சியாட்டிலில் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஜான் ரிச்சர்ட்ஸின் நிகழ்ச்சி, அங்கே கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கு மாலை 7.30க்கும், குளிர்காலத்தில் இரவு 8.30க்கும் வருகிறது. அலுவலகம் முடிந்து வீடு சேர்ந்து சமையலறையில் நிற்கும் நேரம். ஷெரில் வாட்டர்ஸின் மதிய நிகழ்ச்சி நமக்கு நள்ளிரவைத் தாண்டிப் போகும், லாரி மிசெல் ஜூனியரின் பிற்பகல் நிகழ்ச்சி விடியலை ஒட்டி வரும். ராக்கையும் ஹிப்ஹாப்பையும் சோலையும் தயக்கமின்றிக் கலப்பதில் மூவரில் மிசெலே கெட்டிக்காரர் என்பதால், அதிகாலையில் எழுபவர்களுக்கு அவரைப் பரிந்துரைப்பேன். முதன்முறை கேட்பவர்கள் நேரலையில் தொடங்காமல், இரண்டு வாரச் சேமிப்பிலிருந்து ஒரு காலை நிகழ்ச்சியை எடுத்து, பாடல் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, எதையும் தாண்டிப்போகாமல் ஒரு மணி நேரமாவது கேட்டால் அடுக்கின் போக்கு பிடிபடும். பிடித்த குழுவின் ஆல்பத்தை அவர்களிடமிருந்தே நேரடியாக வாங்க முடியுமானால் வாங்குங்கள். வானொலியில் ஒலித்ததால் மட்டும் ஒரு சிறு குழுவின் வயிறு நிறைந்துவிடாது.

மேலே சொன்ன மென்மை பிடிக்காதவர்களுக்கு மாற்றும் அங்கேயே உண்டு. சனிக்கிழமை மாலை, வடமேற்கு வட்டாரக் குழுக்களுக்கென்றே கே.சி.எம்.யூ. காலத்திலிருந்து நடந்துவரும் 'ஆடியோயேசிஸ்'. அன்றிரவு, பங்க் மட்டுமே ஒலிக்கும் 'சோனிக் ரெட்யூசர்'. இரண்டும் நமக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்து சேர்கின்றன. வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை என்றால் ஹெட்ஃபோன் கட்டாயம்.